முப்பத்தொரு வீட்டு மேகம்

ஐப்பசி மாதத்து இரண்டாவது புதன்கிழமை காலையில், பொத்தை என்ற மொட்டைக் குன்றுக்கு மேலே மூன்று நாளாகக் கூடி நின்று, பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கருமேகங்களில் ஒன்று மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, மெல்லத் தாழ்ந்து, பனைகளின் தலையை ஒதுக்கிக்கொண்டு, செவல்பொத்தை ஊரின் களத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு மாட்டுத் தொழுவம் அளவுக்குத்தான் இருந்தது. தரையைத் தொடவில்லை, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, காலை மடக்கி அமர்ந்த பசுவைப் போல, அசையாமல் இருந்தது.

களத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்த செண்பகம்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாறவ ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? வத்தலெல்லாம் நமத்துப் போச்சே!" என்று மேகத்தைப் பார்த்துத் திட்டினாள். பிறகு, வீடு தேடி வந்ததைத் திட்டியது தப்பென்று பட்டதோ என்னவோ, ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அதன் அடியில் வைத்துவிட்டு வற்றலை அள்ளிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஊரில் எல்லாரும் அதை விருந்தாளி என்றே சொன்னார்கள். கொம்பையாவின் வெள்ளாடுகளில் வயதான ஒன்று விருந்தாளியின் நிழலே தன் இடம் என்று போய்ப் படுத்துக்கொண்டது. தபால்காரர், களம் இருக்கும் தெருவுக்கு 'மேகத்தடித் தெரு' என்று பெயர் போட்டுக் கடிதம் கொடுத்தார். மேகம் உட்கார்ந்த இடம் புறம்போக்கா, பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் பட்டாவா என்று இரண்டு பேர் மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள். இவ்வளவும் நடந்த பிறகு விருந்தாளி ஊரில் ஓர் ஆள் ஆகிவிட்டது.

அதற்குள்ளே கரண்ட் இருக்கிறது என்று கண்டுபிடித்தது கொம்பையாவின் மனைவி வடிவு.

செவல்பொத்தையில் மின்சாரம் கிடையாது. பொத்தைக்கு அந்தப் பக்கம் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் நின்று சுற்றின. அவற்றின் மின்சாரம் பெரிய கம்பிகளில் ஊரின் தலைக்கு மேலேயே ஓடி, எங்கேயோ இருக்கிற ஊர்களுக்குப் போனது. கீழே இருந்த முப்பத்தொரு வீட்டுக்கும் மண்ணெண்ணெய் விளக்குதான். வழியில் காட்டு நிலம் இருக்கிறது, கம்பம் நட முடியாது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடிவு பதினொரு வருடமாகப் பஸ் ஏறி டவுனுக்குப் போய், ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில், எரிந்துபோன மோட்டார்களின் பழைய கம்பிச் சுருளான காயிலைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை பார்த்தாள். பகலெல்லாம் ஊர் ஊராக ஓடப்போகிற மோட்டார்களுக்கு உயிர் கொடுத்துவிட்டு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து சிம்னி விளக்கின் கரியைத் துடைப்பாள்.

அந்தப் புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, களத்தைத் தாண்டும்போது, "ம்ம்ம்ம்" என்று மெல்லிய ஓர் இரைச்சல் அவள் காதில் விழுந்தது. சுற்ற முடியாமல் மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கிற மோட்டார் போடுகிற இரைச்சல் அது. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, எக்கி, மேகத்தின் ஓரத்தில் குத்தினாள். டெஸ்டருக்குள் சின்ன ஆரஞ்சு வெளிச்சம் எரிந்தது.

"இதுக்குள்ள கரண்ட் இருக்கு" என்றாள் வடிவு.

"மேகத்துக்குள்ள கரண்ட் இல்லாமக் கஞ்சியா இருக்கும்?" என்றாள் அவளுடைய மதினி செண்பகம். "அதான் மேல நிக்கையில மின்னுதே."

அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. எப்போது விளக்குப் போடுவது என்றுதான் கேட்டார்கள்.

வடிவு கடைக்கு லீவு சொன்னாள். களத்து ஓரத்தில் ஆளுயரக் குழி தோண்டச் சொல்லி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் இரும்புக் குழாயை இறக்கித் தண்ணீர் ஊற்றினாள், அது எர்த். ஒரு செப்புத் தகட்டை மூங்கிலின் நுனியில் கட்டி மேகத்துக்குள் செருகினாள், அது லைன். மீட்டரை இரண்டுக்கும் நடுவே வைத்தபோது, முள் நடுங்காமல் ஏறி இருநூற்று நாற்பதில் நின்றது. ஊர் கைதட்டியது. அவரவர் வீட்டிலிருந்து, என்றாவது கரண்ட் வரும் என்று வாங்கி வைத்திருந்த பல்பும் வயருமாக ஓடி வந்தார்கள். ஒருவர் கல்யாணத்தில் சீதனமாக வந்து பதினாலு வருடம் பரணில் கிடந்த மிக்ஸியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பொறுங்க" என்றாள் வடிவு. "சும்மா இருக்கையில எல்லாரும் இருநூத்தி நாப்பதுதான். சுமை ஏத்துனா என்ன ஆவுதுன்னு பாக்கணும்."

அவள் தானே சுற்றிய காயில் அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். காயில் சிவந்தது. கம்பியில் ஓடுகிற ஆம்பியர் ஐந்து. ஆனால் வோல்ட் இருநூற்று நாற்பதிலிருந்து இருநூற்று முப்பதுக்கு இறங்கியிருந்தது. வடிவு களத்து மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் எழுதினாள். இருநூற்று முப்பதை ஐந்தால் வகுத்தால் நாற்பத்தாறு. அது அடுப்புக் காயிலின் தடை, அவள் சுற்றும்போதே தெரிந்ததுதான், சரியாக இருந்தது. இருநூற்று முப்பதை ஐந்தால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். அது அடுப்பு வாங்குகிற சக்தி. அப்படியானால் காணாமல் போன பத்து வோல்ட் எங்கே? அந்தப் பத்தையும் ஐந்தால் வகுத்தாள். இரண்டு.

"விருந்தாளிக்கு உள்ளுக்குள்ள ஒரு தடை இருக்கு. ரெண்டு ஓம்."

"சாமிக்குச் சொல்லுத ஓமா?" என்றாள் செண்பகம்.

"இது வேற ஓம், மைனி. கரண்ட் வெளிய வாறதுக்கு எவ்வளவு மல்லுக்கட்டணும்னு சொல்லுத அளவு. நாம அதிகமா இழுத்தா அந்த மல்லுக்கட்டு சூடா மாறும். வயர்ல சூடு வந்தா வயர் கருகும். மேகத்துல சூடு வந்தா?"

சூடு பட்ட மேகம் என்ன ஆகும் என்று செவல்பொத்தையில் எல்லாருக்கும் தெரியும். பெய்யாமல் கரைந்துபோவதை வருடா வருடம் தங்கள் தலைக்கு மேலே பார்த்ததுதான்.

அடுத்த பதினொரு நாளும் வடிவு ஊரைக் காக்க வைத்தாள். கொம்பையாவை ஏணியில் ஏற்றி, விருந்தாளியின் இடுப்பைச் சுற்றித் தினமும் காலையில் கயிறு போட்டு அளந்தாள். ஒரு நாள் முழுக்க எட்டு ஆம்பியர் இழுத்தாள். மேகம் சாயந்திரம் நாலு விரல் மெலிந்து, விடியற்காலைப் பனியைக் குடித்து மறுபடி பழைய அளவுக்கு வந்தது. பத்து ஆம்பியர் இழுத்தாள், வந்தது. பன்னிரண்டு இழுத்தாள், ஒரு சாண் மெலிந்து, இரண்டு நாள் ஆகியும் தேறவில்லை. அந்த இரண்டு நாளும் வடிவு சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கயிறு பழைய முடிச்சுக்கு வந்தபோது, "பத்து. பத்துக்கு மேல ஒரு பொட்டும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மூன்று கும்பா பழையது குடித்தாள்.

பத்து ஆம்பியர் என்றால் உள்ளே இருபது வோல்ட் போய்விடும். வெளியே வருவது இருநூற்று இருபது. ஆக இரண்டாயிரத்து இருநூறு வாட். முப்பத்தொரு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு நாற்பது வாட் பல்பு, ஆயிரத்து இருநூற்று நாற்பது. இரண்டு மைல் நடந்து போய்த் தண்ணீர் சுமக்கிற பெண்களுக்காக, ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு எச்.பி. மோட்டார், தொள்ளாயிரம். மீதி அறுபது வாட். அந்த அறுபது வாட்டுக்காக ஊர் இரண்டு நாள் சண்டை போட்டது. கோயிலுக்கு ரேடியோ செட் என்றார்கள், தையல் மிஷின் என்றார்கள், கடைசியில் ஒரு ஃபேன் என்று முடிவாகி, அந்த ஃபேன் யாருக்கும் சொந்தமில்லை, எந்த வீட்டில் பிள்ளை பிறக்கிறதோ, எந்த வீட்டில் காய்ச்சலோ, அந்த வீட்டுக்குத் தலைச்சுமையாகப் போகும் என்று ஏற்பாடானது.

கார்த்திகை முதல் தேதி, பொழுது சாய்கிற நேரத்தில் வடிவு சுவிட்சைப் போட்டாள். முப்பத்தொரு வீட்டு வாசலும் ஒரே நொடியில் மஞ்சளாக மலர்ந்தது. கிணற்றடியில் குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீரைக் கொட்டியது. பெண்கள் குடத்தை வைக்க மறந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொத்தைக்கு அப்பால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவற்றை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கொம்பையா ஏணியில் உட்கார்ந்தபடி, தன் மனைவி மீட்டரைப் பார்க்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்.

"இருநூத்தி இருவது" என்றாள். "நா எழுதுனதுதான்."

மார்கழி பிறந்தபோது பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்தார். ஊருக்குத் தெற்கே இருந்த நானூறு தென்னையும் அவருடையது. ஊரில் பாதிப் பெண்களுக்கு மட்டை முடைவதும் தேங்காய் உரிப்பதும் அந்தத் தோப்பில்தான் வேலை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மரங்கள் குருத்து வெளுத்து, குரும்பையைக் கொட்டிக்கொண்டிருந்தன. டீசல் இன்ஜின் வைத்து இறைத்து அவரும் ஓய்ந்து போயிருந்தார். தன் மருமகன் சுதாகரை அழைத்து வந்திருந்தார். இன்ஜினியரிங் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கிறவன்.

ஊர்க்கூட்டம் களத்திலேயே நடந்தது. சுதாகர் மீட்டரை வாங்கிப் பார்த்தான், வடிவின் நோட்டை வாங்கிப் பார்த்தான், பேனாவால் நாலு வரி எழுதினான்.

"அக்கா போட்டிருக்கிற கணக்கு சரிதான்" என்றான். "ஆனா பாதியோட நிறுத்திட்டாங்க. இருநூத்தி நாப்பது வோல்ட், ரெண்டு ஓம். இதிலிருந்து அறுபது ஆம்பியர் வரைக்கும் எடுக்கலாம். ஏழாயிரத்து இருநூறு வாட் கிடைக்கும். மாமாவோட அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு முப்பது ஆம்பியர் போதும். ஏழாயிரம் இருக்கிற இடத்துல ரெண்டாயிரத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

கூட்டம் சலசலத்தது. ஏழாயிரம் என்ற சொல் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு ஃபேனாக, ஒரு கிரைண்டராகச் சுற்றியது. பொன்னுலிங்கம் எழுந்து கும்பிட்டார். அவர் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

"மரம் சாவுதும்மா, வடிவு. நானூறு உசிரு. அது போச்சுன்னா எனக்கு மட்டுமா நட்டம்? ஒன் மைனி செண்பகத்துக்கு நாளைக்கு வேலை எங்க?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பையன் சொன்னதிலும் பொய் இல்லை. வடிவு நோட்டை வாங்கி, அவன் எழுதியதற்குக் கீழேயே எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"தம்பி, நீங்க வெளிய வாறத எழுதியிருக்கிய. உள்ள தங்குதத எழுதலியே. அறுபது ஆம்பியர் எடுத்தா, ஏழாயிரத்து இருநூறு நமக்கு, ஏழாயிரத்து இருநூறு அதோட வயித்துக்குள்ள. அது வேண்டாம், முப்பதுன்னே வச்சுக்கிடுவோம். முப்பதை ரெண்டால பெருக்குனா அறுபது வோல்ட் உள்ளயே நின்னுரும். அந்த அறுபதை முப்பதால பெருக்குங்க. ஆயிரத்து எண்ணூறு வாட். ரெண்டு அயர்ன் பாக்ஸை ஒரு மேகத்துக்குள்ள வச்சுத் தேய்க்கதுக்கு மேல."

"இது பேட்டரி இல்லக்கா, மேகம். தாங்கும்."

"பேட்டரின்னாலாவது தாங்கும்" என்றாள் வடிவு. "சரி, என் பேச்சு வேண்டாம். மோட்டாரை மாட்டுங்க. நா இப்பவே சொல்லுதேன், மீட்டர் நூத்தி எம்பதுல நிக்கும். நின்னுச்சுன்னா மிச்சக் கணக்கையும் நம்புங்க. நிக்கலைன்னா நா இந்த மூங்கிலை விட்டு வெலகிக்கிடுதேன்."

இவ்வளவு பேரின் முன்னால் அவள் அப்படிச் சொன்னதும் கொம்பையா ஓர் எட்டு பின்னால் வைத்தார். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் உச்சிப் பொழுதில் அஞ்சு எச்.பி. மோட்டாரைக் கயிறு கட்டித் தோப்புக் கிணற்றில் இறக்கி, களத்திலிருந்து வயர் இழுத்தார்கள். ஊர் முழுக்கக் களத்தில் நின்றது; கொம்பையா மறுபடி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யார் மீட்டரைப் படிப்பது என்று கேள்வி வந்தபோது, வடிவும் வேண்டாம் சுதாகரும் வேண்டாம், செண்பகம் படிக்கட்டும் என்று முடிவானது. செண்பகத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் டவுனுக்குப் போகிற பஸ் நம்பர் எல்லாம் தெரியும்.

சுதாகர் சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. தோப்பு வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துப் பாய்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். செண்பகம் மீட்டர் முள் நின்ற இடத்துக்கு நேராகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணு" என்றாள். "எட்டு. சைபர்."

விசில் நின்றது. கொம்பையா ஏணியின் காலை விட்டார். வடிவு யாரையும் பார்க்கவில்லை, மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதன் இரைச்சல் மாறியது. பிறகு அதன் அடியில் படுத்திருந்த கிழட்டு வெள்ளாடு எழுந்து, உடம்பை உதறிவிட்டு வெளியே வந்தது. பிறகு அதன் வயிற்றிலிருந்து துளித்துளியாக மழை விழுந்தது. கை நீட்டியவர்கள் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். கொதிநீர். விருந்தாளியின் கரிய ஓரங்கள் வெளுத்து, ஆவியாக எழுந்து, பஞ்சு பிய்த்த மாதிரி காற்றில் போய்க்கொண்டிருந்தன. அதன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு ஒரு சாண் தளர்ந்தது. இரண்டு சாண். நழுவிக் கீழே விழுந்தது.

முதலில் ஓடியவர் பொன்னுலிங்கம். சுவிட்சைப் பிடுங்குகிற வேகத்தில் இழுத்து அணைத்தார். வாய்க்காலில் தண்ணீர் நின்றது. அவர் அங்கேயே, மேகத்தின் அடியில், சூடாகச் சொட்டிக்கொண்டிருந்த மழையில் துண்டால் தலையை மூடிக்கொண்டு நின்றார்.

"வீடு தேடி வந்தத வேக வச்சுட்டமே" என்றார். 

அன்று சாயந்திரம் ஊரில் யாரும் விளக்குப் போடவில்லை. சொல்லி வைத்த மாதிரி முப்பத்தொரு வீட்டிலும் பல்பை அணைத்தே வைத்திருந்தார்கள். ஐந்து நாள் அப்படி. பெண்கள் மறுபடி இரண்டு மைல் நடந்து, தங்கள் வீட்டுக்கு இரண்டு குடமும், விருந்தாளிக்கு ஒரு குடமும் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தார்கள். பொன்னுலிங்கத்தின் வீட்டிலிருந்து இரண்டு அண்டா வந்தது.

அந்த ஐந்து நாளும் வடிவு தினமும் தோப்புக்குப் போய் வந்தாள். வெளுத்த குருத்துகளுக்குக் கீழே நடந்தாள். மேகத்தைக் காப்பாற்றியாயிற்று, சரி. இந்த நானூறுக்கும் ஒரு பதில் சொல்லாமல் எப்படி நிமிர்ந்து நடப்பது? அப்போது உச்சிவெயில். அவள் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். பல்பு எரியாத வெயில். கிணற்று மோட்டாரும் காலை எட்டு மணிக்கே நின்றுவிடும், தொட்டி நிறைந்துவிடும். ஒன்பதிலிருந்து நாலு மணி வரைக்கும் அந்தப் பத்து ஆம்பியரும் சும்மா கிடந்தது. ஒரு நாளின் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் நடப்பதுபோலக் கூட்டி எழுதியது தன் பிசகுதான் என்று தெரிந்ததும் வடிவு வாய்விட்டுச் சிரித்தாள்.

நேரே பொன்னுலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அஞ்சு எச்.பி. ஒத்து வராது. ரெண்டு எச்.பி. ஒண்ணு நா சுத்தித் தாறேன். ஒம்பதரை ஆம்பியருக்கு மேல ஒரு மூச்சு கூட வாங்காது. ஒம்பதரையை இருநூத்தி இருவதால பெருக்குனா ரெண்டாயிரத்துத் தொண்ணூறு. ஊர் ஃபேனுக்கும் எடம் இருக்கு. காலைல ஒம்பதுலேந்து நாலு வரைக்கும் மெதுவா ஓடட்டும். வாய்க்கால்ல வுட வேண்டாம், குழாய் போட்டு மரத்துக்கு மரம் சொட்டச் சொட்ட வுடுங்க. மரம் பொழைச்சிரும்."

பொன்னுலிங்கம் சுதாகரைப் பார்த்தார். அவன் கையில் பேனா இருந்தது, எழுதிப் பார்த்தான். இந்தத் தடவை உள்ளே தங்குவதையும் எழுதினான்.

"சரியா வருது மாமா" என்றான். பிறகு வடிவைப் பார்த்து, "எனக்கு இது தோணலைக்கா" என்றான்.

"ஒங்களுக்குத் தோப்புல நடக்க நேரம் கெடைக்கல, தம்பி" என்றாள் வடிவு.

ஆறாம் நாள் காலையில் விருந்தாளியின் இடுப்பில் கயிறு நின்றது. ஒரு சாண் குறைவாகத்தான் நின்றது, அந்தச் சாண் திரும்ப வரவேயில்லை, ஆனால் நின்றது. பத்தாம் நாள் இரண்டு எச்.பி. மோட்டார் ஓடியது. தை மாதக் கடைசியில் தென்னைகள் பச்சைக் குருத்து விட்டன.

அந்த வருடம் மேகம் இறங்கியது செவல்பொத்தையில் மட்டும் இல்லை. வேறு மூன்று இடத்திலும் மேகங்கள் இறங்கின. ஓர் ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் அதில் சீரியல் செட் விளக்குகள் போட்டதில், தாலி கட்டுமுன்னே மேகம் தீர்ந்துபோனது. இன்னோர் இடத்தில் அரவை மில்லை மாட்டினார்கள்; அது ஒரு பகல் தாங்கியது. மூன்றாவது எப்படிப் போனது என்று சொல்ல அந்த ஊர்க்காரர்களுக்கே வாய் வரவில்லை.

மாசி பிறந்து நாலாம் நாள், மத்தியான வேளையில் ஒரு வேன் வந்து களத்தில் நின்றது. கரிசல்விளையிலிருந்து வந்திருந்தார்கள்; மூன்று பெண்களும் ஒரு பெரியவரும். விருந்தாளியை ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார்கள். பிறகு பெரியவர் சொன்னார்:

"எங்க ஊர்லயும் காலைல ஒண்ணு எறங்கியிருக்கு. பள்ளிக்கூடத்து மைதானத்துல. இத விடப் பெருசு. நாங்க ஒரு வயரும் தொடல. மொதல்ல ஒங்க ஊரு அம்மாவைக் கூட்டியாந்து காட்டிட்டுத்தான் மத்ததுன்னு சொல்லிட்டோம். அவிய வருவாவளா?"

வடிவு வாயைத் திறப்பதற்குள், "வருவாவ" என்று செண்பகம் சொன்னாள். "வருவா, வருவா" என்று கிணற்றடியிலிருந்து நாலு பேர் சொன்னார்கள். பொன்னுலிங்கம் வேன் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டார். கொம்பையா காயில் அடுப்பையும் கயிற்றையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

கரிசல்விளை மைதானத்தில் ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். வடிவு செப்புத் தகட்டை மூங்கிலில் கட்டி மேகத்துக்குள் செருகி மீட்டரை வைத்தாள். முள் முந்நூற்றுப் பத்துக்குப் போனது. கூட்டம் ஆரவாரித்தது.

"பொறுங்க" என்று அவள் கையைக் காட்டினாள். ஆயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் மண்ணில் உட்கார்ந்து, அடுப்பை மாட்டி, ஒரு குச்சியை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருவர், பக்கத்தில் இருந்த கொம்பையாவிடம் குரலைத் தாழ்த்தி, "அந்த அம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

அதற்கு முன்னெல்லாம் யார் கேட்டாலும், டவுன் பேரைச் சொல்லி, பொத்தையைச் சொல்லி, அதற்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டித்தான் கொம்பையா பதில் சொல்வார்.

"செவல்பொத்தை" என்றார்.